கம்பியில்லா அலைகளின் இடையூறும் அதனை நீக்குமாறும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவியை அடுத்துத் திருகோணமலை வீதியின் இருமருங்கும் நெருங்கிய குடியிருப்புக்களைக் கொண்டு விளங்குவது ஏறாவூர். பெண்மக்களுக்கு வீட்டையே சீதனமாக அளித்தல் ஈழத்துக் கீழ்க்கரை ஊர்களின் நெடுங்கால வழக்கம். தாய்மனை நின்ற வளவு இரண்டாகவும் மூன்றாகவும் பிரிய, மூத்தாளின் வீடும் இளையாளின் வீடும் ஒரு மதிலை நடுவே வைத்து எழுகின்றன. ஒரு வீட்டில் அம்மியரைக்கும் ஓசை மறுவீட்டிற் கேட்கும். ஓசையைத் தடுக்கமாட்டாத அம்மதில் மின்காந்த அலையையும் முற்றாகத் தடுக்கமாட்டாது. முன்னாளில் இது பெரிய காரியமன்று. இன்றோ ஒவ்வொரு வீட்டிலும் ரவுட்டர் என்னும் கருவி ஒன்று, சிலவற்றில் இரண்டு, இரவும் பகலும் அலைகளை வீசிக்கொண்டிருக்கின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, வகுப்பறை கைப்பேசியினுட் புகுந்தது. அண்மையிலுள்ள வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகத்து விரிவுரைகளும் அவ்வழியே நடந்தன. ஆசிரியர் கணக்கைச் செய்துகாட்டும்போது படம் உறைந்து நிற்றலும், குரல் துண்டு துண்டாக அறுதலும் அக்காலத்திற் பலர் கண்ட துன்பமாம். பாடசாலைகள் மீண்டும் திறந்தபின்னரும் மாலை நேரத் தனிவகுப்புக்களும் வெளிநாட்டில் உழைக்கும் தந்தையோடு பேசுதலும் அவ்விணைப்பினையே நம்பியுள்ளன. இணைப்பு நலியுமிடத்து மக்கள் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு: இணைப்பு வழங்கும் நிறுவனம் ஏமாற்றுகின்றது என்பது ஒன்று; அயல்வீட்டார் களவாக அதனைப் பயன்படுத்துகின்றனர் என்பது மற்றொன்று. முன்னதை நம்பியோர் கூடிய கட்டணம் செலுத்துவர். பின்னதை நம்பியோர் மதிலுக்கு அப்பாலுள்ளாரோடு முகங்கொடுத்துப் பேசுதலைக் குறைப்பர். நோயை அறியாது கொண்ட மருந்தாதலின் இரண்டும் பயன் தருவதில்லை.

ஆதலின் நோய் எவ்விடத்தது என அறிதலே முதற்கண் வேண்டுவது. வெளியுலகிலிருந்து செய்தி வீட்டை அடையும் வழி ஒன்று. ரவுட்டரிலிருந்து கைப்பேசியை அடையும் வழி மற்றொன்று. முன்னையது ஒளிநாரிலோ செப்புக்கம்பியிலோ தொலைக்கோபுரத்தின் அலையிலோ வருவது. பின்னையது வீட்டினுட் காற்றுவெளியிற் சில மீற்றர் தூரமே செல்வது. ஒரு கணினியை இழைக்கம்பியால் ரவுட்டருடன் நேரே பிணைத்து வேகத்தை அளந்து, பின்னர் அக்கம்பியைக் கழற்றி அதே அறையில் அலை மூலம் அளந்து ஒப்பிட்டால், குற்றம் எவ்வழியிலுள்ளது என்பது ஐந்து நிமிடத்திற் புலனாகும். கம்பியில் நன்றாகவும் அலையில் நலிந்தும் இருப்பின், கட்டணத்தை உயர்த்துதல் வீண் செலவு என்க. கம்பியிலும் நலிந்திருப்பின் இக்கட்டுரை கூறும் பரிகாரங்கள் அங்கே உதவா.

இடையூறு என இங்கே கூறப்படுவது யாது என்பதை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. பௌதிகவியல் நூல்கள் தலையீடு என்பதொன்றைக் கூறும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமசு யங் என்னும் ஆங்கில அறிஞர் ஒளியைக்கொண்டு காட்டியது அது: ஒரே மீடிறனுடைய இரண்டு அலைகளின் முடியும் முடியும் பொருந்துமிடத்து வலிமை மிகும், முடியும் தாழியும் பொருந்துமிடத்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். (மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை.) இத்தலையீடு ஒரே ரவுட்டரின் அலை நேராகவும் சுவரிற் பட்டுத் தெறித்தும் கைப்பேசியை அடையும்போது நிகழ்வதுண்டு. வீட்டு ரவுட்டரின் அலைநீளம் ஏறக்குறையப் 12 சென்ரிமீற்றர். அலைகள் அழியும் புள்ளிக்கும் மிகும் புள்ளிக்கும் இடையே மூன்று சென்ரிமீற்றர் அளவே இருத்தல் கூடும். கைப்பேசியைச் சற்றே நகர்த்தியவுடன் இணைப்புத் திருந்துதல் மாயமன்று; யங் காட்டிய பௌதிகமே.

இரண்டு வீட்டு ரவுட்டர்களுக்கிடையே நிகழ்வது அத்தகையதன்று. அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. ஒன்றன் பேச்சின்மீது மற்றொன்றின் பேச்சு விழுகின்றது, அவ்வளவே. மட்டக்களப்பார்க்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. வாவியிற் பாடும் மீனின் இசையைக் கேட்க விரும்புவோர், கல்லடிப் பாலத்தருகே, காற்றடங்கிய நிலவிரவில், தோணியிற் சென்று துடுப்பை நீரிலாழ்த்தி அதன் மறுமுனையிற் காதை வைத்துக் கேட்பர். பாலத்தின்மேல் வண்டிகள் ஓடும் பகற்பொழுதில் அவ்விசை கேளாது. ஓசை இசையை அழித்துவிடவில்லை. காது பிரித்தறியமாட்டாமையே காரணம். கைப்பேசியின் வாங்கிக்கும் இதே நிலை. அது வேண்டுவது தனக்குரிய அலையின் வலிமை மட்டுமன்று. பிற அலைகளைவிட அஃது எத்துணை மடங்கு ஓங்கி நிற்கின்றது என்பதே. திரையிற் கோடுகள் நிறைந்திருந்தும் படம் அசையாமை இதனாலென அறிக. அக்கோடுகள் வலிமையைக் காட்டுமேயன்றி இரைச்சலைக் காட்டா.

கம்பியில்லாத் தொடர்பு பிறந்தபோதே இத்தொல்லையும் உடன்பிறந்தது. 1895இற் கல்கத்தாவில் ஜகதீச சந்திரபோசர், ஆளுடல்களையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்ற அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். அன்று வெளியில் அவரது அலையன்றி வேறில்லை. ஆறு ஆண்டுகள் கழிந்து, 1901இல் நியூயோர்க்குக் கடலில் நடந்த பாய்க்கப்பற் போட்டியின் செய்தியை அனுப்ப மார்க்கோனியின் கூட்டமும் போட்டியாளர் கூட்டங்களும் ஒரே வேளையில் முயன்றன. ஒருவர் செய்தியை ஒருவர் கெடுத்தமையாற் கரையை அடைந்தது சிறிதே. வேறு வேறு மீடிறனுக்கு இசைகூட்டிக் கொள்ளும் முறைக்கு மார்க்கோனி 1900இலேயே உரிமை பெற்றிருந்தார். ஆயின் முறையொன்று இருத்தல் போதாது, அதனை யாவரும் கைக்கொள்ளவும் வேண்டும். பின்னர் அரசுகள் தலையிட்டு, இன்னார்க்கு இன்ன மீடிறன் எனப் பங்கிட்டு அனுமதிப்பத்திரம் வழங்கலாயின. இலங்கையில் 1925 திசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி ஒலிக்கத் தொடங்கியது. இன்று மீடிறன்களைப் பங்கிடும் பணி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினது.

இப்பங்கீட்டின் இயல்பை நெல்வயல் அறிந்தோர் எளிதில் உணர்வர். குளத்து நீரை எந்த வாய்க்காலில், எந்நாளில், யார் வயலுக்குத் திறப்பது என முறைசெய்பவர் வட்டை விதானையார். அவர் இல்லாத வட்டையில் மடைவாயிலில் உள்ளவனே நீரனைத்தும் கொள்வான். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக் கோபுரத்திற்கும் விதானையார் உளர். வீட்டு ரவுட்டருக்கோ இல்லை. 1985இல் அமெரிக்க நாட்டு ஆணையம், தொழிற்சாலைக் கருவிகளுக்கும் நுண்ணலை அடுப்புக்கும் ஒதுக்கப்பட்டுப் பிறர் விரும்பாது கிடந்த சில மீடிறன் பட்டைகளை, சிறு வலுவுள்ள கருவிகள் அனுமதிப்பத்திரமின்றியே பயன்படுத்த விட்டது. ஏனைய நாடுகள் பலவும் பின்தொடர்ந்தன. 1997இல் வகுக்கப்பட்ட பொது நியமம் அப்பட்டையொன்றிலேயே வேர்கொண்டது. இன்று வைஃபை என வழங்குவது அதன் வழித்தோன்றலே. எவரிடமும் கேளாமல், எவருக்கும் வரி கொடாமல் பெற்ற நிலம் அது. ஆதலின் வேலியும் இல்லை. நுண்ணலை அடுப்பு இம்மீடிறனைக் கொண்டது நீர் மூலக்கூறு இதற்கே சிறப்பாக ஒத்ததிர்வதால் எனப் பலர் கருதுவர். அது பிழை. நீராவி ஒத்ததிரும் மீடிறன்களுட் கீழானதே ஏறத்தாழப் பத்து மடங்கு மேலே உள்ளது. உணவின் உட்புறம் வரை செல்லும் அலை வேண்டியிருந்ததும் பட்டை வெறிதாயிருந்ததுமே காரணங்கள்.

அப்பட்டை 2400 மெகாஹேர்ட்சு முதல் 2483.5 வரை, 83.5 மெகாஹேர்ட்சு அகலமுடையது. அதனுள் 13 சனல்கள் வகுக்கப்பட்டுள. முதற் சனலின் நடு 2412. இரண்டாவதன் நடு 2417. இவ்வாறு ஐந்தைந்தாகக் கூடிச் சென்று பதின்மூன்றாவது 2472இல் அமையும். ஆயின் ஒவ்வோர் ஒலிபரப்பும் கொள்ளும் அகலம் ஐந்தன்று, இருபது. இங்கேதான் மக்கள் ஏமாறுகின்றனர். பதின்மூன்று எண்கள் இருத்தலின் பதின்மூன்று தனி வாய்க்கால்கள் உள எனக் கருதுகின்றனர். உண்மையில் ஐந்தடி இடைவெளியில் முளையடித்து ஒவ்வொரு முளையிலும் இருபதடி வாய்க்கால் வெட்டியது போன்றது இது. முதற் சனல் 2402 முதல் 2422 வரை பரவும். ஆறாவது 2427 முதல் 2447 வரை. பதினோராவது 2452 முதல் 2472 வரை. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடா. மூன்றாவதைத் தெரிந்தவனோ 2412 முதல் 2432 வரை பரவி, ஒன்றாவதையும் ஆறாவதையும் ஒருங்கே கெடுக்கிறான். கூடிய வேகம் தருமெனச் சில ரவுட்டர்களில் 40 மெகாஹேர்ட்சு அகலம் வைக்கப்பட்டிருக்கும். பட்டையின் ஏறக்குறையப் பாதியை ஒருவனே விழுங்குதல் அது. நெருங்கிய ஊரில் அதனாற் பெறுவது வேகமன்று, மோதலே.

ஒரே சனலில் இருவர் இருப்பின் என்னாகும்? இங்கே ஒரு நுட்பம் உண்டு; இதனைப் பலர் அறியார். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏபிரம்சன் என்பார் தீவுகளிடையே கணினிகளை வானொலியாற் பிணைத்தார். அலோகா என்னும் அவ்வமைப்பில் எந்நிலையமும் விரும்பியபொழுது பேசலாம். மோதினால் மீண்டும் பேசலாம். கணித்துப் பார்க்குமிடத்து, அம்முறையில் வெளியின் கொள்ளளவில் 18 வீதமே உச்ச அளவிற் பயன்படும். எஞ்சியது மோதலிலும் வெறுமையிலும் கழியும். அதனினின்றும் பிறந்த பாடம் கேட்டபின் பேசுதல் என்பதாகும். இன்றைய ரவுட்டர் பேசுமுன் செவிசாய்க்கும். வேறொருவர் பேசினாற் பொறுத்திருக்கும்; அவர் முடித்ததும் உடனே பாயாது, சீட்டுக் குலுக்கியது போல ஒரு சிறு காலத்தைத் தானே தெரிந்து, அதுகாறும் காத்துப் பின் பேசும். ஒரே சனலிலுள்ள இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன் மொழியை மற்றொன்று அறியுமாதலின், மிக மெல்லிய குரலுக்கும் வழிவிடும். வேகம் பங்கிடப்படுமேயன்றிப் பேச்சுச் சிதையாது.

ஒன்றாம் சனலில் ஒருவரும் மூன்றாம் சனலில் ஒருவரும் இருப்பின் நிலைமை வேறு. பாதி மேற்பொருந்திய அலையை ரவுட்டர் பேச்சென அறியாது. இன்னதென்றறியா இரைச்சலென்றே கொள்ளும். நியமத்தின்படி, பேச்சென உணர்ந்ததற்கு வழிவிடும் எல்லையும் வெறும் இரைச்சலுக்கு வழிவிடும் எல்லையும் ஒன்றல்ல. பின்னதற்கு நூறு மடங்கு கூடிய வலிமை வேண்டும். ஆகவே மதிலுக்கு அப்பாலிருந்து வரும் அரைகுறை அலையைப் பொருட்படுத்தாது அது பேசிவிடும். இருவர் செய்தியும் கெடும். இருவரும் மீளவும் அனுப்புவர். அயலவரோடு சேராதிருக்கவேண்டுமென்று ஓரெண் ஈரெண் தள்ளி வைப்பவர், அவரோடு ஒரே எண்ணில் இருப்பதைவிடத் தமக்குத் தீங்கு செய்துகொள்கின்றனர். முற்றாக விலகுதல் முதற்றரம். முடியாவிடின் முற்றாகச் சேர்ந்திருத்தல் இரண்டாந்தரம். பாதி விலகுதலே கடையாயது.

சேர்ந்திருத்தலுக்கும் எல்லை உண்டு. எவரும் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையிலும் ஒவ்வொரு ரவுட்டரும் செக்கனுக்குப் பத்து முறையளவில், இன்ன பெயருடையேன் யான் என அறிவித்துக்கொண்டே இருக்கும். பழைய கருவிகளுக்கும் விளங்கவேண்டுமென்று அதனை மிகக் குறைந்த வேகத்திற் கூறும். 250 பைட்டு நீளமுள்ள ஓரறிவிப்பு அவ்வேகத்தில் இரண்டு மில்லிசெக்கனுக்குச் சற்று மேலே கொள்ளும். ஒரு செக்கனிற் பத்து எனின் வெளியின் நேரத்தில் இரண்டு வீதம். ஒரே சனலிற் பதினைந்து ரவுட்டர்கள் ஒன்றன் குரலை ஒன்று கேட்குமாயின், ஒரு சொல்லும் பேசப்படுமுன்னரே முப்பது வீதம் தற்பெயர் கூறுதலிற் கழிந்துவிடும். ஒரே ரவுட்டரில் விருந்தினருக்கொன்று பிள்ளைகளுக்கொன்று எனப் பெயர் பல வைத்தலும் இச்செலவைப் பெருக்குவதே. மிகப் பழைய வேகங்களை நிறுத்திவைக்கும் வசதி ரவுட்டரில் உண்டாயின் நிறுத்திவிடுதல் தகும்.

ரவுட்டரல்லாத பகைவரும் உளர். நுண்ணலை அடுப்பு 2450 மெகாஹேர்ட்சு அளவில், எண்ணூறு வாற்று வரையிலான வலுவோடு இயங்குவது. ரவுட்டரின் வலுவோ பெரும்பாலும் ஒரு வாற்றிற் பத்திலொன்று. அடுப்பின் கதவிடுக்கில் மிகச் சிறுபங்கு கசிந்தாலும், அஃது உடலுக்குத் தீங்கற்றதாயினும், அண்மையிலுள்ள வாங்கியைச் செவிடாக்கப் போதுமானது. இந்நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. வீட்டு அடுப்புக்கள் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் பாதிநேரமே அலைவீசுவன. ஆதலிற் பத்து மில்லிசெக்கன் இரைச்சல், பத்து மில்லிசெக்கன் அமைதி எனக் கழியும். அவ்விடைவெளியிற் சிறு செய்திகள் தப்பிச் செல்லும். படங்காட்டும் நீண்ட செய்திகள் அகப்பட்டுக்கொள்ளும். புளூடூத் கருவிகள் செக்கனுக்கு 1600 முறை இடம்மாறித் தாவுவனவாதலின், அவற்றால் வருந்தீங்கு சிறிது. கணினியிற் செருகும் மூன்றாம் தலைமுறை யூ.எஸ்.பி. வன்றட்டு இதே பட்டையில் இரைச்சலெழுப்புவது பலர் அறியாத செய்தி. அதனை ரவுட்டருக்கு ஓர் அடி தள்ளி வைத்தாலே தீரும்.

நான்காம் தலைமுறைக் கோபுர அலையைப் பெறும் வீட்டு ரவுட்டர்களைப் பற்றித் தனியே கூறவேண்டும். அவற்றுட் சில 2300 முதல் 2400 மெகாஹேர்ட்சு வரையிலான பட்டையைப் பயன்படுத்துவன. அப்பட்டை முடியுமிடத்தில் வைஃபைப் பட்டை தொடங்குகின்றது. இடையே வரம்பு இல்லையென்றே கூறலாம். ஒளிநார் ரவுட்டரையும் கோபுர ரவுட்டரையும் ஒரே மேசையில் அருகருகே வைத்திருப்பின், ஒன்றன் குரல் மற்றொன்றின் காதருகே எழுகின்றது. இரண்டையும் இரண்டு மூன்று மீற்றர் பிரித்து வைத்து, வைஃபையைக் கீழ்ச் சனலினின்றும் பதினோராவதற்கு ஏற்றுதல் நலம்.

இனிப் பரிகாரம். இதற்கு விலையில்லை, ஒருநாள் மாலைப்பொழுது போதும். கைப்பேசியில் வைஃபை அலைகளை ஆராயும் இலவசச் செயலியொன்றை ஏற்றி, வீட்டின் ஒவ்வோர் அறையிலும் நின்று, எந்தச் சனலில் எத்தனை பெயர்கள் எவ்வலிமையோடு தோன்றுகின்றன எனக் குறித்துக்கொள்க. மெலிந்த பத்துப் பெயர்களைவிட வலிய ஒன்றே கவனத்திற்குரியது. மதிலுக்கப்பாலுள்ளது ராத்தாவின் வீடாயின், அல்லது மாமியின் வீடாயின், இருந்து பேசி, அவர்கள் ஒன்றிலும் இவர்கள் ஆறிலும் அடுத்த வளவார் பதினொன்றிலும் எனப் பிரித்துக்கொள்ளுதலே தலைசிறந்த வழி. விதானையார் இல்லாத வட்டையில் வயற்காரர் தாமே கூடிச் செய்யும் ஏற்பாடு அது. அகலத்தை இருவரும் இருபதாகவே வைத்தல் வேண்டும். பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் வெறிதாய்த் தோன்றினும், அமெரிக்காவிலிருந்து வந்த சில கைப்பேசிகள் அவற்றைக் காணா என்பதை மறத்தலாகாது. தானே தெரியும் ஏற்பாட்டில் விடப்பட்ட ரவுட்டர்கள் சில, மின்சாரம் வந்த வேளையில் மட்டுமே வெளியை ஆராய்ந்து சனலைத் தெரிவன. மின்வெட்டு நீங்கியதும் ஊரிலுள்ள ரவுட்டர்கள் யாவும் ஒருங்கே விழித்து, வெறிதெனக் கண்ட ஒரே இடத்திற் குவிதலும் உண்டு. ஆகவே பேசித் தீர்மானித்த எண்ணைக் கையால் அமைத்து நிலைநிறுத்துக.

ரவுட்டரை வாசலருகே நிலத்தில், இரும்பலுமாரிக்குப் பின்னே வைத்தல் பெருவழக்கு. கம்பி புகுந்த இடம் அது என்பதன்றி வேறு காரணம் இல்லை. வீட்டின் நடுவே, நெஞ்சுயரத்தில், குளிர்ப்பெட்டிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் விலகி வைத்தால், தன் வீட்டார்க்கு அலை மிகும், அயலார்க்குக் குறையும். வெட்டவெளியில் தூரம் இருமடங்கானால் வலிமை நாலிலொன்றாகும். செங்கற்சுவர் அதனைப் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ ஆக்கும். கம்பியிட்ட கொங்கிறீற்றுத் தளம் பத்திலொன்றாகவும் ஆக்கவல்லது. மேன்மாடியிற் கிட்டவில்லையென்று அலைபெருக்கியை வாங்குவோர் ஒன்றை எண்ணவேண்டும். எளிய பெருக்கி கேட்டதையே அதே சனலில் மீட்டும் சொல்வது. ஒரு செய்தி வெளியை இருமுறை நிரப்புமாதலின் வேகம் பாதியாகும், அயலார்க்கு இடையூறு இருமடங்காகும். அதற்குப் பதிலாக மேன்மாடிக்கு ஒரு கம்பியை இழுத்து, அதன் முனையிற் சிறு ரவுட்டர் ஒன்றை வேறு சனலில் வைக்கலாம். அசையாது ஓரிடத்தில் நிற்கும் தொலைக்காட்சிக்கும் மேசைக் கணினிக்கும் கம்பியே தக்கது. அவை வெளியைவிட்டு நீங்கினால், எஞ்சியோர்க்கு இடம் விரியும்.

அண்மைக்கால ரவுட்டர்கள் பல 5000 மெகாஹேர்ட்சுக்கு மேற்பட்ட இரண்டாம் பட்டையையும் உடையன. அங்கே ஒன்றையொன்று தொடாத சனல்கள், நாட்டு விதிக்கேற்ப, இருபதுக்கு மேலும் அமையும். நுண்ணலை அடுப்பின் தொல்லையும் இல்லை. சுவரை ஊடுருவும் ஆற்றல் குறைவு என்பது அதன் குறையாகக் கூறப்படும். நெருங்கிய குடியிருப்பில் அக்குறையே குணம்: தங்கையின் அலை தங்கையின் சுவருக்குள் அடங்கும். அப்பட்டையின் ஒரு பகுதி வானிலை ராடார்களுக்கும் உரியதாதலின், ராடாரின் துடிப்பைக் கேட்ட ரவுட்டர் உடனே அச்சனலை விட்டகல விதிக்கப்பட்டுள்ளது. காரணமின்றிச் சில நிமிடம் இணைப்பு மறைந்து மீள்வதாகக் கண்டால், 36 முதல் 48 வரையிலான சனல்களுள் ஒன்றிற்கு மாற்றிவைத்தல் போதும். ஒரே அறையில் இருந்து கற்கும் பிள்ளையின் கருவியை இப்பட்டையிலும், முற்றத்திலும் கிணற்றடியிலும் பயன்படுவதைப் பழைய பட்டையிலும் பிணைத்துவிட்டால் இருபட்டைகளும் தத்தம் இயல்புக்கேற்பப் பயன்படும்.

வலுவைக் கூட்டினால் எல்லாம் தீருமென்பது இறுதியாக நீக்கவேண்டிய மயக்கம். தொடர்பு இருவழிப்பட்டது, கைப்பேசியின் குரல் ரவுட்டரின் குரலைவிட மெல்லியது. ரவுட்டர் உரத்துக் கூறுவதைக் கைப்பேசி கேட்கும்; கைப்பேசி கூறும் விடையை ரவுட்டர் கேளாது. மதிலுக்கப்பாலுள்ளாரும் தம் வலுவைக் கூட்டுவாராயின், இருவருக்கும் முன்னிருந்த நிலையே மிஞ்சும். சிறிய வீட்டில் இருவரும் ஒருங்கே வலுவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். தத்தம் அறைகளில் வேகம் குறையாதிருப்பின் அந்நிலையிலேயே விட்டுவிடலாம்.